நான்கு கட்டில்களுக்கும் பொட்டு வைத்த நாள்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் வேலையை விட்டபோது என் மேசைக்கு வந்த பெண் அவள். சேலத்தில் அதே அலுவலகம், அதே ஒப்பந்தக் கொள்முதல் பிரிவு.

"அக்கா, சமையல்கட்டுல இருக்கீங்களா? ஒரே ஒரு சந்தேகம். டெண்டருக்கு வந்த மாதிரியில ஒண்ணுல அடையாளம் இருக்கு. யாரு அனுப்பினதுன்னு பாத்தவொடனே தெரிஞ்சிருது. துடைச்சா போயிரும். துடைச்சிறவா?"

"கை வைக்காதே" என்றேன். சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் எதையும் உடனே சொல்பவள் இல்லை. மகளுக்கு மருந்து ஊற்றினால்கூட அளவை மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள்.

"ஏன் அக்கா?"

"எழுதி அனுப்பறேன்."

எழுதத்தான் வேண்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்காகப் பழைய ஊழியர்களின் அனுபவங்களை அலுவலகம் தொகுக்கிறது, என்னையும் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் வரிசையில் என் பெயர். மற்றவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு முப்பத்து நான்கு. குழந்தைக்காக வேலையை விட்டவளை ஓய்வு பெற்றவள் என்று சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேறு சொல் கிடைக்காததால் உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் படித்தேன். கட்டுமானத் திட்டங்களை எடுத்து நடத்தித் தரும் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் ஆண்டுகள் முழுக்க விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதிலும், ஒப்பந்த நிபந்தனைகளைத் தட்டச்சு செய்வதிலும், சிமெண்ட் ஏன் வரவில்லை என்று போனில் கேட்பதிலும் போயின. கற்றுக்கொண்டது என்று சொன்னால் ராமநாதன் சாரிடம்தான்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எந்தக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உதடு அசையப் படிப்பார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்காரச் சொல்ல மறந்துவிடுவார். முடித்ததும் ஒரே கேள்விதான்.

"ஏம்மா கோகிலா, தோத்தவன் வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

ஜெயித்தவரைப் பற்றி அவர் கேட்டதே கிடையாது. ஒப்பந்தம் கிடைக்காதவர் நேரில் வந்து எதிரே உட்கார்ந்து, ஏன் எனக்கு இல்லை என்று கேட்டால் முகம் பார்த்துச் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. வெறும் பேச்சும் இல்லை இது. தோற்ற ஒவ்வொருவரையும் அவர் வரச் சொல்லிக் கடிதம் அனுப்புவார். வருகிறவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியது அந்தக் கோப்பைப் பார்த்தவர்.

சங்ககிரிப் பக்கம் ஒரு அறக்கட்டளை தாய் சேய் மருத்துவமனை கட்டியது. கட்டடம் முடிந்து, கட்டில் வாங்கும் கட்டம். அப்போது எனக்கு ஏழாம் மாதம். பிரசவ வார்டுக்கான கட்டில்: தலைப்பக்கம் உயர வேண்டும், இரண்டு பக்கமும் தடுப்பு ஏறி இறங்க வேண்டும், சக்கரம் வேண்டும். நான்கு பேர் போட்டியிட்டார்கள். மூன்று பேர் மருத்துவமனைச் சாமான்கள் செய்யும் வெளியூர்க் கம்பெனிகள். நான்காவது ஆள் குழந்தைவேல்.

திருச்செங்கோடு சாலையில் அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. விளக்கக் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அளவு டேப். எழுந்து நின்றுதான் பேசினார்.

"இப்ப வர்ற வண்டியெல்லாம் கேபினோடயே வந்துருதுங்க. பட்டறையில பாதி நாளு வெல்டர் பசங்க போன் பாத்துக்கிட்டுக் கெடக்கறானுங்க. இந்தக் கட்டிலு எங்களுக்குக் கெடச்சாத்தான் அவிய இங்க இருப்பாங்க. இல்லீன்னா ஒவ்வொருத்தனா திருப்பூருக்குப் பஸ் ஏறிருவான். நாங்க கட்டுனா பத்து டன் தாங்கும்ங்க."

"பத்து டன் கர்ப்பிணி எங்க வார்டுக்கு வரமாட்டாங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். அவர் அந்த மருத்துவமனைக்கு வரவிருந்த தலைமைச் செவிலியர். அறையே சிரித்தது. குழந்தைவேலும் சிரித்தார்.

சக்கரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "சக்கரம் வெச்ச எதுவும் எலுமிச்சம்பழத்துல ஏறாம எங்க பட்டறைய உட்டு வெளிய போவாதுங்க." அதற்கும் சிரித்தோம். மதிப்பெண் போடப்போகும் மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்: ஸ்டெல்லா சிஸ்டர், அறக்கட்டளை அனுப்பிய ஒரு டாக்டர், ஒரு பொறியாளர்.

ஒவ்வொருவரும் ஒரு மாதிரிக் கட்டில் அனுப்ப வேண்டும். மாதிரியைப் பார்க்கிறவருக்கு அது யாருடையது என்று தெரியக்கூடாது. வாசலில் காவலர் வாங்கி, ஸ்டிக்கர் இருந்தால் உரித்து, சாக்பீஸால் ஓர் எழுத்துப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார். எந்த எழுத்து யார் என்பது உறையில் இட்டு ஒட்டப்பட்டு அறக்கட்டளையிடம் இருக்கும். நிபந்தனைகளில் ஒரு வரி உண்டு: அனுப்பியவரைக் காட்டும் எந்தக் குறி மாதிரியின் மீது இருந்தாலும் அந்த ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படும். அப்படி நிராகரிக்கப்பட்டவர் அந்த அறக்கட்டளையின் அடுத்த வேலைகளுக்கும் வர முடியாது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

சோதனை நாள் காலையில் மற்றவர்கள் வருமுன் கட்டில்களைச் சரிபார்க்கப் போனேன். காலியான வார்டில் நான்கும் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. எது எதிலிருந்து வேறு என்று சொல்ல முடியாது. குனிவது அப்போது எனக்குச் சிரமம். தரையில் ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்து அடிப்பக்கம் பார்த்தேன். அ, சரி. ஆ, சரி. இ என்று எழுதிய கட்டிலின் தலைப்பக்கக் காலில், உள்பக்கமாக, காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். சக்கரத்தின் கவட்டையில் நசுங்கிய எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சேலைத் தலைப்பை ஈரம் செய்து துடைத்தால் போயிற்று. யாரும் இல்லை. ஆனால் குங்குமம் வெள்ளைப் பெயிண்டில் இறங்கியிருந்தது. யாருடைய விரலோ இழுத்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஏற்கெனவே கறையாக நின்றது. துடைத்தால் பொட்டு போகும், கறை நிற்கும், அதன் மேல் என் கையும் நிற்கும். துடைக்காமல் விட்டால் ஸ்டெல்லா சிஸ்டர் அடிப்பக்கம் பார்க்காமல் விடமாட்டார். பார்த்தால் குழந்தைவேல் வெளியே. நிறைமாதத்தை நெருங்குகிறவள் குங்குமத்தை அழிக்கலாமா என்ற நினைப்பும் நடுவில் வந்தது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது.

வெளியே வந்து சாருக்காகக் காத்திருந்தேன். அவர் காரை விட்டு இறங்கியதும் சொன்னேன். வாசலைத் தாண்டி உள்ளே வராமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"எந்தக் கட்டில்னு எங்கிட்டச் சொல்லாதே."

"சரி சார்."

"துடைச்சாப் போகுமா?"

"போகாது சார். கறை நிக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேப்பமரத்தடியில் நின்றிருந்த காவலரைக் கூப்பிட்டார். "ஏப்பா, சந்தனமும் குங்குமமும் வாங்கிட்டு வா. எலுமிச்சம்பழம் மூணு."

காவலர் என் வயிற்றைப் பார்த்தார். வளைகாப்பு என்று நினைத்திருப்பார். எதுவும் கேட்காமல் போனார்.

"சார், எதுக்கு?"

"மீதி மூணுக்கும் வெச்சு விடு. அதே எடத்துல, அதே மாதிரி. சக்கரத்தையும் பழத்துல ஏத்தி எறக்கு."

"இது விதிய மீறுறது ஆகாதா சார்?"

"விதி எதுக்கும்மா போட்டோம்? மார்க் போடறவங்களுக்கு ஆள் தெரியக் கூடாதுன்னு. நாலுலயும் பொட்டு இருந்தா எவனைக் காட்டும்?" கொஞ்சம் நிறுத்தினார். "மறைக்கப் போறதில்ல. ஒண்ணுல முன்னாடியே இருந்துச்சு, மத்ததுக்கு நாம வெச்சோம்னு எழுதி நான் கையெழுத்துப் போடறேன். முடிவு போற கடுதாசியில நாலு பேருக்கும் அதைச் சொல்லிருவோம். தோத்தவன் வந்து கேட்டா இதை எம்மூஞ்சியால சொல்ல முடியும். ஒனக்குச் சொல்ல முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினேன். முடியுமா என்று தெரியவில்லை.

மூன்று கட்டில்களுக்கும் பொட்டு வைத்தேன். விரலால் இழுத்து அதே போல ஒரு கோடும் போட்டேன். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தடியில் நசுங்கிய வாசனை வார்டு முழுக்க நின்றது. மதிப்பெண் போடும் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். அடிப்பக்கம் குனிந்து பார்த்த ஸ்டெல்லா சிஸ்டர் நிமிர்ந்து, "என்ன சார், கட்டிலுக்கெல்லாம் கல்யாணமா?" என்றார். சார் காரணத்தைச் சொன்னார். டாக்டர் சிரித்தார். பொறியாளர் முகத்தைச் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார்.

சோதனை நடந்தது. மணல் மூட்டை ஏற்றினார்கள். தலைப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஏற்றி இறக்கினார்கள். வாசற்படி மேல் தள்ளிப் பார்த்தார்கள். நான் தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தேன். இ கட்டில் மூட்டைகளுக்கு அசையவே இல்லை. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது. யாருடையது என்று அறிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

அப்போது ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார்: "மூட்டை பேசாது. ஏறிப் படுத்துப் பார்த்து ஒருத்தர் சொல்லணும். கோகிலா, உன்னை விட்டா இங்க யாரு இருக்கா?"

நான் சாரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. "படுக்கட்டும். ஆனா கண்ணைக் கட்டி விடுங்க. கோகிலா வெளிய நிக்கட்டும், கட்டிலை எடம் மாத்திப் போடுங்க."

துண்டால் கண்ணைக் கட்டி சிஸ்டர் கைபிடித்துக் கூட்டிப்போனார். முதல் கட்டிலில் ஏறிப் படுத்தேன். தடுப்பை ஏற்றினார்கள், இறக்கினார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாவது கொஞ்சம் உயரம், இறங்கக் கால் எட்டவில்லை என்றேன். கண்ணைக் கட்டியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. இனி நான் சொல்வது வெறும் உடம்பு சொல்வது.

மூன்றாவதில் படுத்தேன். தடுப்பை இறக்கினார்கள்.

டமார் என்றது.

என் அப்பா லாரி டிரைவர். பாரம் இறக்க லாரியின் பின்கதவுக் கொண்டியைத் தட்டிவிட்டால் கதவு விழும் சத்தத்தைக் கேட்டே அவர் ஊருக்கு வந்துவிட்டார் என்று சின்ன வயதில் ஓடுவேன். அதே சத்தம். அதே கொண்டி. துண்டு கண்ணில் இருந்தும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே நேரம் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

"என்ன ஆச்சு?" என்றார் சிஸ்டர்.

"திடுக்குன்னுச்சு" என்றேன். பிறகு, "ரொம்பச் சத்தம். பிள்ளையே உதைச்சிருச்சு. பிரசவம் ஆன பொம்பளைக்கு, பச்சப் பிள்ளைக்கு இந்தச் சத்தம் ஆகாது சிஸ்டர்" என்றேன்.

முதல் வார்த்தை உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மீதியைத்தான் இத்தனை வருடம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை உதைத்தது அந்தச் சத்தத்துக்கா? அந்த நேரம் எப்போதும் உதைக்கும் நேரம்தானே? யாருடையது என்று தெரியாமல் இருந்திருந்தால், சத்தமாக இருக்கிறது என்பதோடு நிறுத்தியிருப்பேனா? அந்த மனிதருக்குச் சாயவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தேனா?

சத்தத்துக்காக மூன்று பேரும் மதிப்பெண் குறைத்தார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தபோது இ இரண்டாவது இடத்தில் இருந்தது. அ கட்டிலை அனுப்பிய வெளியூர்க் கம்பெனிக்கு ஒப்பந்தம் போனது.

கடிதம் கிடைத்துக் குழந்தைவேல் மருத்துவமனைக்கு வந்தார். சாரும் கூட இருந்தார், ஆனால் பேச வேண்டியது நான். குழந்தைவேலின் மாதிரிக் கட்டில் வார்டில்தான் நின்றது. அங்கேயே அழைத்துப் போனேன். மற்ற மூன்றும் இன்னும் எடுக்கப்படவில்லை. குனிந்து எல்லாவற்றின் காலையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஒண்ணு நம்மளதுதானுங்க. வேண்டாம்டான்னு பெயிண்டர்கிட்டச் சொல்லியே இருந்தனுங்க அம்மிணி. சக்கரத்தப் பாத்தா அவனுக்குக் கை நிக்காது. கடுதாசியப் படிச்சுப்போட்டு ஊட்டுல ஒக்காந்துட்டன். ஏனுங்க, நாயமா நீங்க அன்னைக்கே என்னைய வெளிய தள்ளியிருக்கலாமுங்கல்ல?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளலைங்க" என்றேன்.

"செரி. அப்பறம் எதுலதான் தோத்தனுங்க?"

கையால் காட்டினேன். தடுப்பைத் தூக்கி மாட்டி, கொண்டியைத் தட்டிவிட்டேன். வெறும் வார்டில் அன்றையதைவிடப் பெரிதாகக் கேட்டது. அவர் தானே தூக்கினார். தட்டினார். இன்னொரு தடவை தூக்கினார், தட்டினார்.

"டமார்னுதான் உளுகுது" என்றார். "லாரியில இது காதுலயே ஏறாதுங்க." பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "நீங்களா படுத்துப் பாத்தீங்க?"

"ஆமாங்க."

"பயந்துட்டீங்களா சாமி?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னால் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தது. "ஆமாங்க. பயந்துட்டேன்."

"அப்பச் செரிங்க" என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். வாசற்படியில் ஏறும்போது சக்கரத்திலிருந்து காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒன்று உதிர்ந்தது.

சார் கோப்பில் கையெழுத்துப் போட்டு மூடினார். மகள் பிறந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பவில்லை. குறைமாதம், அடிக்கடி காய்ச்சல், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனால் அந்தப் பட்டறை என்ன ஆயிற்று என்ற எண்ணம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்க நினைப்பேன். பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கோடையில் எடப்பாடியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது மகள் யாழினிக்குக் காய்ச்சல் ஏறியது. அங்கே ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி போட்டு மத்தியானம் தூங்க ஆரம்பித்தாள். விழுந்துவிடுவாளோ என்று தடுப்பை ஏற்றி வைத்திருந்தேன். நெற்றியில் துணி மாற்ற இறக்க வேண்டியிருந்தது. இப்போதுதான் கண்ணயர்ந்தாள், எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொண்டியைத் தட்டினேன்.

கொண்டியைத் தட்டிய பிறகுதான் அது என்ன கொண்டி என்று கைக்குப் புரிந்தது.

தடுப்பு என் கையில் சத்தமில்லாமல் இறங்கி நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன். கொண்டி விழும் இடத்தில் தடித்த ரப்பர் துண்டு, பட்டையாக வெட்டி இரண்டு ரிவெட் அடித்து வைத்திருந்தது. டயரிலிருந்து வெட்டியது, டயரின் வரிப்பள்ளம்கூடத் தெரிந்தது.

தரையில் கையை ஊன்றிக் குனிந்தேன். தலைப்பக்கக் காலின் உள்பக்கம், நர்சுகள் எத்தனை தடவை துடைத்தும் போகாத ரோஜா நிறக் கறை.

டிபன் வாங்கப் போயிருந்த என் கணவர் உள்ளே வந்தார். "கட்டிலுக்கடியில என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வார்டில் மொத்தம் ஆறு கட்டில்கள். எழுந்து போய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். பக்கத்துப் படுக்கைக்காரம்மா, "ஏதாவது தொலஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆறிலும் இருந்தது.

நந்தினி, அதனால்தான் கை வைக்காதே என்றேன். மேலே இருக்கிறவரிடம் போய்ச் சொல். அடையாளம் எந்த மாதிரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. அந்த இரண்டு வாக்கியத்தை நான் சேர்த்திருக்க வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நீ கேட்டால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு ஒன்று சொல்வேன்.

அன்றைக்கு வார்டைச் சுற்றித் திரும்பி வந்து யாழினியின் தடுப்பை ஏற்றி மாட்டினேன். பிறகு, இந்த முறை கையால் பிடிக்காமல், கொண்டியைத் தட்டிவிட்டேன். மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாழினி மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.